கடவுச்சொல்லை எத்தனை நாளைக்கு ஒரு முறை மாற்றுவது?



கடந்த மாதம் எங்கள் பள்ளியில் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டம் நடைபெற்றது. இணைய மோசடிகளைப் பற்றிப் பேச்சு வந்தபோது ஒரு தந்தை எழுந்து, "டீச்சர், இந்தப் பாஸ்வெர்ட எத்தன நாளைக்கு ஒரு தடவ மாத்தணும்? ஆளுக்கு ஒன்னு சொல்றாங்க" என்று கேட்டார். மேடையில் இருந்த ஒருவர் சற்றும் தயங்காமல், "மூன்று மாதத்திற்கு ஒரு முறை" என்றார். அனைவரும் தலையசைத்தனர். வெளியே தேநீரும் கறிபாப்பும் காத்திருந்ததால் கூட்டம் அத்துடன் அடுத்த பொருளுக்குத் தாவியது. நானும் வாய் திறக்கவில்லை.

வீடு திரும்பும் வழியெல்லாம் அந்த மௌனம் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. ஏனெனில், மூன்று மாதத்திற்கு ஒரு முறை தவறாமல் கடவுச்சொல்லை மாற்றி வந்தவள் நான். அப்படி மாற்றி வந்தும் ஏமாந்தேன். என்னால் இன்னொருவரும் ஏமாந்தார். அந்தத் தந்தைக்கு அன்று சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

நான் ஆசிரியர் பணியில் சேர்ந்த காலத்தில் எனக்கு இருந்தது ஒரே ஒரு கடவுச்சொல். அதையும் மாதத்தில் இரண்டு முறைதான் பயன்படுத்துவேன். இன்று நிலைமை அப்படியா? மாணவர் வருகைப் பதிவு, வகுப்புசார் மதிப்பீடு, விடுப்பு, சம்பளச் சீட்டு, இணையக் கற்றல் தளம் என்று பள்ளி வேலைக்கே ஒரு கைப்பிடி வேண்டும். வங்கி, மின்கட்டணம், இணையக் கடைகள் ஆகியவை தனி. இவற்றுள் ஓர் அலுவல் தளம் தொண்ணூறு நாளுக்கு ஒரு முறை கடவுச்சொல்லை மாற்றச் சொல்லும். மாற்றாவிட்டால் உள்ளே விடாது. அது காலாவதியாகும் நாள் எப்படித்தான் அமையுமோ, பெரும்பாலும் திங்கட்கிழமை காலை ஏழு மணி. வெளியே சபைகூடலுக்கு மணி அடிக்கும். உள்ளே திரை புதுக் கடவுச்சொல் கேட்கும்.

அந்த அவசரத்தில் பிறந்ததுதான் என் 'உத்தி'. மல்லிகை என்பதை ஆங்கில எழுத்தில் எழுதி, முதலெழுத்தைப் பெரிதாக்கி, ஒரு குறியை இட்டு, பின்னால் மாதத்தையும் ஆண்டையும் சேர்த்துவிடுவேன். 2020 மார்ச்சு என்றால் 0320. ஜூன் என்றால் 0620. மறக்கவே மறக்காது. பெரிய எழுத்து, சிறிய எழுத்து, எண், குறி என்று தளம் கேட்ட அனைத்தும் அதில் இருந்தன. இதைப் பற்றி எனக்கு உள்ளூரப் பெருமையும் உண்டு. நான்கைந்து ஆசிரியைகளுக்குக் கற்றுக்கொடுத்தும் இருக்கிறேன். அவர்களிடம் பின்னர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

2020 மார்ச்சு 18-ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியது. வீட்டிலிருந்து பாடம் நடத்த வேண்டிய நிலை. ஒலிவாங்கியும் சிறு வெண்பலகையும் வாங்குவதற்காக ஓர் இணையக் கடையில் பதிந்துகொண்டேன். அங்கும் அதே மல்லிகை, அதே 0320. இரண்டு பொருள்கள் வாங்கினேன். அதன் பிறகு அந்தக் கடையின் பக்கமே போகவில்லை. பதிந்ததே மறந்துபோனது.

ஈராண்டு கழித்து, 2022 ஏப்ரலில் ஓர் இரவு ஒரு மாணவனின் தந்தை என்னை அழைத்தார். "டீச்சர், பயிற்சி நூல் பணத்துக்கு அக்கவுண்ட் நம்பர் மாறிடுச்சா? ஈமேல் அனுப்பியிருக்கீங்களே?" நான் அனுப்பவில்லை. பத்து நிமிடத்தில் இன்னொரு தந்தை அழைத்தார். மின்னஞ்சலைத் திறந்து பார்த்தேன். அனுப்பிய பெட்டியில் ஒன்றுமே இல்லை. பெற்றோர்களின் பதில்களும் எனக்கு வரவில்லை. எவனோ உள்ளே புகுந்து, நான் பெற்றோர்களுக்கு எழுதிய பழைய மடலைக் கண்டெடுத்து, அதன் தொடர்ச்சியாகவே எழுதியிருக்கிறான். என் பெயர், என் முகவரி, நான் வழக்கமாக எழுதும் 'அன்புடன்' என்ற சொல் உட்பட அனைத்தும் என்னுடையவை. வங்கிக் கணக்கு எண் மட்டும் என்னுடையது அன்று.

அன்றிரவே புலனக்குழுவில் எச்சரிக்கை இட்டேன். ஆனால், ஒரு தாயார் அதற்குள் பணம் அனுப்பிவிட்டிருந்தார். தொண்ணூறு வெள்ளி. அவர் கையுறைத் தொழிற்சாலையில் இரவு வேலை செய்பவர். வேலைக்குப் புறப்படும் முன் பணத்தைச் செலுத்திவிட்டுப் போயிருக்கிறார். மறுநாள் காலை, வேலை முடிந்த களைப்போடு நேராகப் பள்ளிக்கு வந்தார். நான் பணத்தைத் திருப்பிக் கொடுக்க முயன்றேன், வாங்க மறுத்துவிட்டார். "மத்தவங்க ஃபோன் பண்ணிக் கேட்டாங்களாம். எனக்குத் தோணல டீச்சர். நீங்க கேட்டா நான் ஏன் சந்தேகப்படணும்?" என்றார்.

தொண்ணூறு வெள்ளியை நான் மறந்திருப்பேன். அந்தச் சொற்களை மறக்க முடியவில்லை. மகளுக்கு உரிய நூல்களை என் செலவில் வாங்கிக் கொடுத்தேன். அவர் அறிந்தால் வருந்துவார் என்பதால் பள்ளியில் மிச்சம் இருந்ததாகச் சொன்னேன். காவல் நிலையத்தில் புகார் செய்தோம். பணம் திரும்பவில்லை. மோசடி நடந்தவுடன் அழைப்பதற்கான 997 என்ற எண்ணைக் கொண்ட தேசிய மோசடி நடவடிக்கை மையம் அவ்வாண்டு அக்டோபரில்தான் தொடங்கப்பட்டது. பெற்றோர்கள் அந்த எண்ணைக் கைப்பேசியில் இன்றே பதிந்துகொள்ளலாம். பணம் போனபின் ஒவ்வொரு நிமிடமும் பெறுமதி உடையது.

எப்படி நுழைந்தான்? எங்கள் பள்ளியின் தகவல் தொழில்நுட்பப் பொறுப்பாசிரியர், 'ஹேவ் ஐ பீன் போன்ட்' என்னும் தளத்தில் என் மின்னஞ்சல் முகவரியை இட்டுப் பார்க்கச் சொன்னார். ஆஸ்திரேலியரான டிராய் ஹண்ட் என்பவர் 2013-ஆம் ஆண்டு தொடங்கி நடத்திவரும் தளம் அது. எந்தெந்த நிறுவனத்திலிருந்து கசிந்த தரவுகளில் நம் முகவரி இருக்கிறது என்று காட்டும். இட்டுப் பார்த்தேன். நான் மறந்தே போன அந்த இணையக் கடையின் பெயர் அங்கே இருந்தது. வேறு வழி எதுவும் எனக்குப் புலப்படவில்லை.

இவ்விடத்தில் சற்று நின்று எண்ணிப் பாருங்கள். கடையில் கிடந்தது 0320 என்ற பழைய கடவுச்சொல். அதன் பின் மின்னஞ்சலில் நான் எட்டு முறை மாற்றிவிட்டேன். ஆனால், 0320 என்பதைக் காண்பவனுக்கு அது மார்ச்சு 2020 என்று புரியாதா? இப்போது 0322 ஆக இருக்கும் என்று கணக்கிட எத்தனை நொடி வேண்டும்? நம் மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகள் எண் தொடரில் விடுபட்ட எண்ணைக் கண்டுபிடிப்பதைவிட இது எளிது. எட்டு முறை மாற்றியதாக நான் நினைத்தேன். உண்மையில் ஒரு முறைகூட மாற்றவில்லை.

இதற்கு நான் மட்டும் விதிவிலக்கு அல்லள் என்று பின்னர் படித்து அறிந்தேன். அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். அப்பல்கலைக்கழகத்தில் மூன்று மாதத்திற்கு ஒரு முறை கடவுச்சொல்லை மாற்ற வேண்டும் என்பது அப்போதைய விதி. பயன்பாட்டில் இல்லாத 7,700-க்கும் மேற்பட்ட கணக்குகளை எடுத்துக்கொண்டு, பழைய கடவுச்சொல் தெரிந்தால் புதியதைக் கண்டுபிடிக்க முடியுமா என்று சோதித்தனர். 17 விழுக்காட்டுக் கணக்குகளில் ஐந்து முயற்சிகளுக்குள் கிடைத்துவிட்டது. கணினியைக் கொண்டு தாக்கியபோது 41 விழுக்காடு மூன்று நொடிகளில் உடைந்தன. அங்கும் ஒரு எண்ணைக் கூட்டுவது, ஓர் எழுத்துக்குப் பதில் ஒரு குறியை இடுவது போன்ற வேலைகள்தாம் நடந்திருக்கின்றன. ஊர் வேறானாலும் மல்லிகை ஒன்றுதான்.

எழுத்து, எண், குறி ஆகியவற்றைக் கலந்து எழுதுங்கள், அவ்வப்போது மாற்றுங்கள் என்ற அறிவுரை உலகெங்கும் பரவியதற்கு, அமெரிக்கத் தேசியத் தரநிலை மற்றும் தொழில்நுட்பக் கழகம் 2004-ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டி ஒரு பெருங்காரணம். அப்பகுதியை எழுதிய பில் பர் என்பவர், 2017-இல் ஒரு நாளிதழுக்கு அளித்த பேட்டியில் தாம் எழுதியவற்றுள் பெரும்பகுதிக்காக வருந்துவதாகக் கூறினார். ஓய்வு பெற்ற பின் தம் பாடக்குறிப்பு தவறு என்று வெளிப்படையாக ஒப்புக்கொள்ளும் மனம் எத்தனை பேருக்கு வரும்? எனக்கு அவர்மேல் மதிப்புக் கூடியது. அதே ஆண்டு அக்கழகம், காரணம் இன்றிக் குறிப்பிட்ட காலத்திற்கு ஒரு முறை மாற்றும்படி பயனரைக் கேட்க வேண்டியதில்லை என்று வழிகாட்டியைத் திருத்தியது. 2019-இல் மைக்ரோசாப்ட் நிறுவனமும் தன் விண்டோஸ் பாதுகாப்புப் பரிந்துரையிலிருந்து காலாவதி விதியை நீக்கியது. 2025-இல் வெளிவந்த புதிய பதிப்பில் அமெரிக்கக் கழகம், அவ்வாறு கேட்கவே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டது. கசிந்ததற்கான சான்று இருந்தால் உடனே மாற்றச் செய்ய வேண்டும் என்பதும் அதில் உண்டு.

காரணம் எளியது. திருடன் கடவுச்சொல்லைப் பெற்றால் தொண்ணூறு நாள் காத்திருக்க மாட்டான். அன்றே நுழைவான். அடுத்த ஜூன் மாதம் நாம் பூட்டை மாற்றுவதால் அவனுக்கு என்ன நட்டம்?

ஆகவே, அந்தத் தந்தைக்கு என் பதில் இது: நாள்காட்டியைப் பார்த்து மாற்ற வேண்டாம் ஐயா, காரணத்தைப் பார்த்து மாற்றுங்கள். ஒரு தளத்திலிருந்து தரவு கசிந்தது என்று செய்தி வந்தால் அன்றே மாற்ற வேண்டும். அதே சொல்லை வேறு எங்கெல்லாம் இட்டிருக்கிறோமோ அங்கெல்லாமும் மாற்ற வேண்டும். அறியாத கருவியிலிருந்து யாரோ நுழைந்ததாக அறிவிப்பு வந்தாலும், ஐயத்திற்குரிய பக்கத்தில் கடவுச்சொல்லைத் தட்டச்சுச் செய்துவிட்டாலும், கைப்பேசி தொலைந்தாலும் காத்திருக்கக் கூடாது. பிறரிடம் சொல்லிவிட்டாலும் அப்படியே. அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரி.

பள்ளிகளில் இன்னொரு காரணமும் இருக்கிறது. பொது மின்னஞ்சல், பள்ளியின் முகநூல் பக்கம் ஆகியவற்றை நான்கைந்து பேர் பார்த்துக்கொள்வர். ஒருவர் மாற்றலாகிப் போவார். இன்னொருவர் ஓய்வு பெறுவார். அலுவலக மேசைக் கண்ணாடியின் கீழ்ச் செருகிய தாள் மட்டும் அங்கேயே இருக்கும். நான் பார்த்த ஒரு தாளில் இருந்த கையெழுத்து, ஆறு ஆண்டுகளுக்கு முன் வேறு பள்ளிக்குச் சென்றவருடையது! பிரியாவிடை விருந்தன்றே அந்தக் கடவுச்சொல்லையும் மாற்றிவிடுவது யாரையும் அவமதிப்பது ஆகாது.

மாற்றுவது மட்டும் போதாது என்பதையும் நான் பட்டு அறிந்தேன். அன்றிரவே மின்னஞ்சலின் கடவுச்சொல்லை மாற்றிவிட்டு நிம்மதியாக இருந்தேன். ஒரு வாரம் கழித்துப் பொறுப்பாசிரியர் அமைப்புப் பக்கத்தைத் திறந்து காட்டினார். எனக்கு வரும் மடல்களின் நகல் வேறொரு முகவரிக்குத் தானாகச் செல்லும்படி அவன் ஏற்பாடு செய்து வைத்திருந்தான். கதவைப் பூட்டினேன், சன்னல் திறந்தே கிடந்தது. ஆகவே, இப்படி நேர்ந்தால் மடல் அனுப்பீட்டு அமைப்பு, வடிகட்டிகள், மீட்பு எண் ஆகிய மூன்றையும் பாருங்கள். எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறும் பொத்தானையும் அழுத்துங்கள். மின்னஞ்சலை நான் இத்தனை வலியுறுத்துவதற்குக் காரணம், மற்றக் கணக்குகளின் கடவுச்சொற்களை மீட்டெடுக்கும் வழி அதுவாகவே இருப்பதுதான்.

இனி, பெற்றோர்களுக்கு ஒரு சொல். நம்மவர்களுக்கு மிகவும் விருப்பமான கடவுச்சொல் அடையாள அட்டை எண். மறக்காது, உண்மைதான். ஆனால், அந்தப் பன்னிரண்டு இலக்கங்களில் முதல் ஆறு பிறந்த தேதி. அடுத்த இரண்டும் பிறந்த இடத்தின் குறியீடு. கடைசி இலக்கம் ஆணுக்கு ஒற்றைப்படை, பெண்ணுக்கு இரட்டைப்படை. உங்கள் பிறந்தநாளும் மாநிலமும் தெரிந்தவனுக்கு மிச்சம் இருப்பவை 5,000 வாய்ப்புகளே. கணக்கு ஆசிரியர்கள் சரிபார்த்துக்கொள்ளலாம். அதோடு, 46.2 மில்லியன் கைப்பேசி எண்கள் கசிந்தது 2017-ஆம் ஆண்டு வெளியானபோது, அவற்றோடு அடையாள அட்டை எண்களும் முகவரிகளும் சேர்ந்தே போயின. நாம் விரும்பினாலும் மாற்ற முடியாத ஓர் எண்ணைக் கடவுச்சொல்லாக வைப்பது பொருத்தமா?

சரி, எப்படி அமைப்பது? ஒவ்வொரு தளத்திற்கும் வெவ்வேறு சொல் வேண்டும். அது நீளமாக இருக்க வேண்டும். கடவுச்சொல் ஒன்றை மட்டுமே நம்பும் தளங்களில் குறைந்தது பதினைந்து எழுத்துகள் வேண்டும் என்பது 2025-ஆம் ஆண்டு வழிகாட்டியின் கருத்து. ஒன்றோடொன்று தொடர்பில்லாத நான்கு சொற்களை அடுக்கினால் அந்த நீளம் எளிதாக வந்துவிடும். பாட்டு வரியோ பழமொழியோ வேண்டாம். அவை எல்லாருக்கும் தெரிந்தவை.

இதை ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு ஒரு விளையாட்டாகச் செய்து பார்த்தேன். நான்கு சொற்களைத் தாளில் எழுதி, மனனம் செய்து, கிழித்துப் போட வேண்டும். ஒரு மாணவன், "எங்கள் டீச்சர் மிகவும் நல்லவர்" என்று எழுதியிருந்தான். எளிதில் ஊகிக்கக்கூடியது என்று சொல்லி அதைத் தள்ளுபடி செய்தேன். வகுப்பே சிரித்தது. முருங்கை, தொப்பி, பேருந்து, இடி என்பது போல் இன்னொரு மாணவி எழுதினாள். (எடுத்துக்காட்டுக்காக நானே மாற்றி எழுதியிருக்கிறேன். இதை யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்!) தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் எழுதும்போது ஆளுக்கு ஒரு விதமாக எழுதுகிறோம் அல்லவா? பதிவேட்டில் தலைவலியாக இருக்கும் அந்தப் பழக்கம் இங்கே சற்று உதவுகிறது.

இத்தனை சொற்களை எப்படி நினைவில் கொள்வது என்று கேட்பீர்கள். கொள்ள முடியாது. அதற்கென உள்ள கடவுச்சொல் காப்பகச் செயலியைப் பயன்படுத்தலாம். அது வராது என்போர் ஒரு குறிப்பேட்டில் எழுதி, நகைகளை வைக்கும் அலமாரியில் பூட்டி வையுங்கள். எழுதவே கூடாது என்று முன்பு நானும் சொன்னவள்தான். வெளிநாட்டில் அமர்ந்திருக்கும் திருடன் நம் வீட்டு அலமாரியைத் திறக்கப் போவதில்லை. திரையில் ஒட்டி வைப்பதுதான் ஆகாது. கூடவே, இரட்டைச் சரிபார்ப்பு வசதி இருந்தால் அதையும் முடுக்கிவிடுங்கள். அப்போது வரும் எண்ணை வங்கி அதிகாரியே கேட்டாலும் சொல்லாதீர்கள்.

அலுவல் தளம் மாற்றச் சொன்னால் என்ன செய்வது? மாற்றத்தான் வேண்டும், விதி விதிதான். ஆனால், வாலை மட்டும் மாற்றாமல் முழுவதையும் புதிதாக எழுதுங்கள்.

ஆசிரியர்களாகிய நாம் செய்த இன்னொரு பிழையையும் மறைக்க விரும்பவில்லை. ஊரடங்கின்போது கற்றல் தளத்தில் நுழையத் தெரியாமல் பெற்றோர்கள் தவித்தனர். நான் வகுப்பு மாணவர் அனைவரின் அடையாளப் பெயரையும் கடவுச்சொல்லையும் ஒரே பட்டியலாகப் புலனக்குழுவில் இட்டேன். அன்று அதுவே பெரிய உதவியாகத் தெரிந்தது. சில வாரங்களில் ஒரு மாணவனின் பெயரில் தகாத சொல் ஒன்று பதிவானது. நான் அவனைக் கடிந்துகொண்டேன். அவன் அழுதுகொண்டே மறுத்தான். பட்டியல் முப்பது வீடுகளில் இருந்தது என்பது எனக்கு அன்றிரவு படுத்த பிறகுதான் உறைத்தது. மறுநாள் இணைய வகுப்பில் எல்லார் முன்னிலையிலும் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். இப்போது கடவுச்சொல் மறந்த பிள்ளையின் பெற்றோரை மட்டும் தனியே அழைக்கிறேன். நேரம் பிடிக்கிறது. பிடிக்கட்டும்.

அந்தத் தாயாரைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். அவருடைய மூத்த மகள் இடைநிலைப்பள்ளிக்குச் சென்றுவிட்டாள். இளையவன் இவ்வாண்டு என் வகுப்பில் இருக்கிறான். சென்ற வாரம் திடல்தடப் போட்டிக்கான சட்டைக்குப் பணம் செலுத்தும்படி புலனக்குழுவில் செய்தி இட்டேன். ஐந்து நிமிடத்தில் அவரிடமிருந்து அழைப்பு வந்தது. "டீச்சர், இந்த மெசேஜ் நீங்கதான் போட்டீங்களா?" என்றார். ஆம் என்றேன். "கணக்கு நம்பர ஒரு தடவ வாயால சொல்லுங்க டீச்சர், நான் சரி பாத்துக்கிறேன்" என்றார். ஒவ்வோர் எண்ணாகச் சொன்னேன்.